பச்சைக் குழந்தையாக இருந்தபோது சீழ் பிடித்த இடுப்பு மூட்டு: என்ன ஆபரேஷன், எந்த வயதில்?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் விஷயம் புரியும். மகளுக்கு 6 வயது. பிறந்த 18ஆம் நாள் இடது இடுப்பு மூட்டில் சீழ் பிடித்திருப்பது தெரிந்து, மூட்டைத் திறந்து கழுவியிருக்கிறார்கள். அதற்கு முன் மூன்று நாள், உரம் விழுந்திருக்கிறது என்று நினைத்துப் புடவையில் போட்டு உருட்டி உரம் எடுத்திருக்கிறீர்கள். இப்போது ஓடியாடுகிறாள், வலி இல்லை. ஆனால் இடப்பக்கம் சாய்ந்து சாய்ந்து நடக்கிறாள். இடது கால் 3 செ.மீ. குட்டை. எக்ஸ்ரே பார்த்த ஒரு டாக்டர், "பந்து கரைந்துபோய்விட்டது, பக்கத்து எலும்பு மேட்டை எடுத்துக் கிண்ணத்துக்குள் வைக்கலாம், இப்போதே செய்யணும்" என்கிறார். இன்னொருவர், "12 வயது வரை கையே வைக்காதீர்கள்" என்கிறார். மூன்றாமவர், "வளர்ந்து முடியட்டும், செயற்கை மூட்டு போட்டுக்கொள்ளலாம்" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

நான் குழந்தைகளுக்கு எலும்பு மூட்டு ஆபரேஷன் செய்கிறவன். அந்த மூன்று பேரும் சொன்னது மூன்று வெவ்வேறு வயதுக்கான வைத்தியம். மூன்றுமே நடைமுறையில் உள்ளவைதான். உங்கள் மகளுக்கு எது பொருந்தும் என்பது, அந்த மூட்டில் இன்றைக்கு என்ன மிச்சம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. நீங்கள் எழுதியதிலிருந்து பார்த்தால் ஒரே ஒரு எக்ஸ்ரேதான் எடுத்திருக்கிறது. அதை வைத்து யாரும் முழு முடிவு சொல்ல முடியாது.

முதலில் அந்த 18 நாள் குழந்தைக்கு என்ன நடந்தது என்று சொல்கிறேன். பிறகு வருவதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது.

தொடை எலும்பின் மேல்முனை ஒரு பந்து. அது இடுப்பெலும்பில் உள்ள கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கும். பிறக்கும்போது அந்தப் பந்து முழுக்கக் குருத்தெலும்பு, இளம் தேங்காய் வழுக்கை மாதிரி. பந்துக்குக் கீழே வளர்ச்சித் தட்டு என்று ஒன்று இருக்கிறது. எலும்பு நீளமாக வளர்வது அங்கேதான். பெரிய குழந்தைகளுக்கு அந்தத் தட்டு ஒரு மதில் சுவர் போல. கீழே எலும்பில் கிருமி வந்தாலும் மேலே பந்துக்குள் அவ்வளவு எளிதில் ஏறாது. ஆனால் சுமார் ஒன்றரை வயது வரைக்கும் சின்னச் சின்ன ரத்தக்குழாய்கள் அந்தத் தட்டைத் துளைத்துக்கொண்டு போகின்றன. அந்த வழியாகக் கிருமி மேலே ஏறிவிடும். இன்னொன்று, பந்தைத் தொடை எலும்போடு இணைக்கும் கழுத்துப் பகுதி மூட்டு உறைக்கு உள்ளேயே இருக்கிறது. அதனால் எலும்பில் தொடங்கிய சீழ் உடைத்துக்கொண்டால் நேராக மூட்டுக்குள் கொட்டும்.

அப்புறம் மூன்று காரியங்கள் சேர்ந்து நடக்கின்றன. சீழில் உள்ள நொதிகள் குருத்தெலும்பை அரிக்கின்றன. உறைக்குள் அழுத்தம் ஏறி, பந்துக்குப் போகிற ரத்தம் நின்றுபோகிறது. உறை ஊதிப் பெருத்து, பந்து கிண்ணத்தை விட்டு வெளியே நழுவுகிறது. சில நாட்கள் போதும், மூட்டு இருந்த இடம் தெரியாமல் போக. 1874இல் லண்டன் செயின்ட் பார்தலோமியூ மருத்துவமனையில் இருந்த தாமஸ் ஸ்மித் இந்த நோயைப் பற்றி எழுதினார். அவர் சொன்ன 21 குழந்தைகளில் 13 பேர் இறந்துபோனார்கள். ஆன்டிபயாட்டிக் என்ற சொல்லே இல்லாத காலம் அது. இன்றைக்கு உயிர் போவது மிகவும் குறைந்துவிட்டது. மூட்டு போவது மட்டும் இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

அந்த மூன்று நாள் தாமதம்தான் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாமதத்துக்குப் பங்கு உண்டு, இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் பிறந்த குழந்தைக்கு இது வரும்போது காய்ச்சல் பல நேரம் இருக்கவே இருக்காது. ரத்தப் பரிசோதனைகூடச் சில நேரம் ஏமாற்றும். பால் சரியாகக் குடிக்காது, ஒரு காலை மட்டும் அசைக்காமல் மடக்கி வெளிப்பக்கமாக விழவிட்டிருக்கும், குளிப்பாட்டும்போதும் துணி மாற்றும்போதும் வீறிட்டு அழும். அவ்வளவுதான் அடையாளம். எங்கள் வீடுகளில் இதைப் பார்த்தால் உரம் என்றுதான் நினைப்பார்கள். என்.ஐ.சி.யு.வில், அதாவது பச்சைக் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிற குழந்தைக்கே இரண்டு நாள் கழித்துக் கண்டுபிடித்ததை நான் பார்த்திருக்கிறேன். உங்களிடம் இருந்த தகவலை வைத்து நீங்கள் செய்தது அது. கைக்குழந்தை வைத்திருக்கும் மற்றவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். ஒரு கால் மட்டும் அசையவில்லை, தொட்டால் அழுகிறது என்றால் உரம் எடுக்கப் போகாதீர்கள், உருட்டாதீர்கள், எண்ணெய் தேய்த்து வழித்துவிடாதீர்கள். அன்றே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போய் இடுப்புக்கு ஒரு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் கேளுங்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தை, தொப்புளில் சீழ் வைத்த குழந்தை, தொடை மடிப்பில் ஊசி போட்டு ரத்தம் எடுத்த குழந்தை என்றால் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும்.

சரி, இப்போது உங்கள் மகளின் மூட்டுக்கு வருவோம்.

சீழ் விட்டுப்போன சேதம் எல்லாக் குழந்தைக்கும் ஒரே மாதிரி இருப்பதில்லை. 1990இல் சோய் என்ற கொரிய மருத்துவரும் அவருடைய சகாக்களும் இதை நான்கு வகையாகப் பிரித்தார்கள். உலகம் முழுக்க இன்றும் அதைத்தான் பயன்படுத்துகிறோம். முதல் வகையில் பந்து தப்பித்துவிடும், கொஞ்சம் பெருத்திருக்கலாம், அவ்வளவுதான். அவர்களுக்கு ஆபரேஷனே வேண்டாம். இரண்டாம் வகையில் பந்து உருக்குலைந்து கழுத்து குட்டையாகிவிடும், அல்லது வளர்ச்சித் தட்டு ஒரு பக்கம் மட்டும் மூடிக்கொண்டு கழுத்து கோணலாக வளரும். மூன்றாம் வகையில் பந்து இருக்கும், ஆனால் கழுத்து முறுக்கிக்கொண்டு நிற்கும், அல்லது கழுத்தில் எலும்பு ஒட்டாமல் இரண்டு துண்டாக ஆடிக்கொண்டிருக்கும். நான்காம் வகையில் பந்தும் கழுத்தும் போய்விடும். ஒரு சின்ன மிச்சம் இருக்கலாம், அதுவும் இல்லாமல் போகலாம்.

இதில் ஒரு பெரிய சிக்கல் உண்டு. குருத்தெலும்பு எக்ஸ்ரேயில் தெரியாது. நல்ல ஆரோக்கியமான குழந்தைக்கே பந்துக்குள் எலும்புப் புள்ளி தெரிய நான்கு முதல் ஆறு மாதம் ஆகும். சீழ் பட்ட மூட்டில் அது இன்னும் பல மாதம், சில சமயம் வருடக்கணக்கில் தள்ளிப்போகும். ஆகவே சின்ன வயதில் எக்ஸ்ரேயில் "ஒன்றுமே இல்லை" என்று தெரிவதும், நிஜமாகவே ஒன்றும் இல்லாமல் இருப்பதும் வேறு வேறு. ஒன்றேமுக்கால் வயதில் ஒரு பையனைக் கொண்டுவந்தார்கள். பந்து போய்விட்டது என்று எழுதியே கொடுத்திருந்தார்கள். மயக்க மருந்து கொடுத்து, மூட்டுக்குள் சாயம் விட்டுப் படம் எடுத்தோம். நாவல்பழம் அளவுக்குக் குருத்தெலும்புப் பந்து ஒன்று கிண்ணத்துக்கு வெளியே நின்றிருந்தது. திறந்து உள்ளே வைத்துக் கட்டினோம். மூன்றரை வயதில் அதற்குள் எலும்பு தெரிய ஆரம்பித்தது. உருண்டையாக இல்லை, ஓரம் தட்டையாகத்தான் இருந்தது. ஆனால் அது அவனுடைய சொந்தப் பந்து.

உங்கள் மகளுக்கு 6 வயது ஆகிவிட்டது. இந்த வயதிலும் எக்ஸ்ரேயில் எதுவும் தெரியவில்லை என்றால், பெரும்பாலும் நிஜமாகவே போயிருக்கும். இருந்தாலும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் ஒருமுறை உறுதிப்படுத்த வேண்டும். உள்ளே சின்ன மிச்சம் இருந்தாலும் கணக்கு மாறும்.

அவள் ஏன் சாய்ந்து நடக்கிறாள்? ஒரு தராசை நினைத்துக்கொள்ளுங்கள். ஒற்றைக் காலில் நிற்கும்போது உடம்பின் எடை ஒரு தட்டில் இருக்கிறது. புட்டத்தின் பக்கவாட்டுத் தசை மறு தட்டை இழுத்துப் பிடிக்கிறது. நடுவில் தாங்கும் முள்தான் அந்தப் பந்து. முள் இல்லை என்றால் தசை எவ்வளவு இழுத்தாலும் தராசு நிற்காது, எதிர்ப்பக்கம் இறங்கிவிடும். விழாமல் இருக்க அவள் உடம்பையே இடது பக்கம் சாய்த்துக்கொள்கிறாள். ஜெர்மன் அறுவை மருத்துவர் டிரெண்டெலன்பர்க் இதை 1895இலேயே விளக்கினார். அவர் பெயரில்தான் இன்றும் இந்தப் பரிசோதனை நடக்கிறது. ஒற்றைக் காலில் நிற்கச் சொல்லிப் பின்னால் இருந்து இடுப்பைப் பார்ப்போம். எனக்கு அதற்கு முன்பே பாதி தெரிந்துவிடும். குழந்தை வராந்தாவில் வரும்போது கொலுசுச் சத்தத்தைக் கேட்டால் போதும். ஒரு காலின் சத்தம் நீளமாக, மறு காலின் சத்தம் வெடுக்கென்று முடியும்.

கால் நீளத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இது பலருக்குத் தெரியாமல் பின்னால் அதிர்ச்சியாகிறது. இடுப்புப் பக்கத்து வளர்ச்சித் தட்டு வருடத்துக்குச் சுமார் 3 முதல் 4 மி.மீ. வளரும். பெண் குழந்தைகளுக்குக் கால் வளர்ச்சி ஏறக்குறைய 14 வயதில் முடியும், ஆண்களுக்கு 16. அந்தத் தட்டு முழுக்க அழிந்திருந்தால் இனி வரும் 8 வருடத்தில் மேலும் இரண்டரை, மூன்று செ.மீ. குறையும். பந்து இல்லாததால் தொடை எலும்பு மெல்ல மேலே ஏறுவதும் சேரும். இன்றைக்கு 3 செ.மீ. என்பது 14 வயதில் 6 செ.மீ. பக்கம் போகலாம். இதை இப்போதே தெரிந்துகொண்டு திட்டம் போட வேண்டும். ஒரே ஆபரேஷனில் எல்லாம் தீர்ந்துவிடும் என்று யாராவது சொன்னால் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

இனி ஆபரேஷன்கள். பந்து மிச்சம் இருக்கிற வகைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், உங்கள் மகள் அதில் இல்லை என்றுதான் நினைக்கிறேன். கழுத்து கோணலாக இருந்தால் எலும்பை வெட்டி நேராக்கிப் பிளேட் போடுவோம். கழுத்து ஒட்டாமல் இருந்தால் கோணத்தை மாற்றி, எலும்புத் துணுக்கு வைத்து ஒட்டவைப்போம். கிண்ணம் ஆழமில்லாமல் இருந்தால் இடுப்பெலும்பை வெட்டிக் கூரை போல இறக்குவோம். தொடை எலும்பின் வெளிப்பக்கத்தில் உள்ள மேடு அளவுக்கு மேல் வளர்ந்துவிட்டால் அதைக் கீழே இறக்கி வைப்போம். இவையெல்லாம் நன்றாகப் பலன் தருகிற, தெளிவான ஆபரேஷன்கள்.

நான்காம் வகைதான் சிரமம். இங்கேதான் உங்கள் மூன்று டாக்டர்களும் பிரிகிறார்கள்.

முதல் டாக்டர் சொன்னது வெளிப்புற எலும்பு மேட்டைப் பந்தாக்கும் ஆபரேஷன். தொடையின் பக்கவாட்டில் கை வைத்துப் பார்த்தால் ஒரு முண்டு தட்டுப்படும், டிரோக்கான்டர் என்று பெயர். சின்னக் குழந்தைக்கு அதன் மேல் குருத்தெலும்பு மூடியிருக்கும். அந்த மேட்டைக் கிண்ணத்துக்குள் வைத்து, அதில் ஒட்டியிருக்கும் புட்டத் தசையைப் பிரித்துக் கீழே தொடை எலும்பில் தைத்து, எலும்பை வெட்டிக் கோணம் திருப்பினால், வளர வளர அந்த மேடு பந்து போல உருண்டு வரும் என்பது எண்ணம். 1936இலேயே லெபிஸ்கோபோ என்பவர் இதை எழுதியிருக்கிறார். நல்ல யோசனை. ஆனால் பலன் ஒரே சீராக இல்லை. நாலைந்து வயதுக்குள், கிண்ணமும் ஓரளவு நன்றாக இருக்கும்போது செய்தால் மூட்டு உறுதிப்படுகிறது, எலும்பு மேலே ஏறுவது நிற்கிறது. சாய்வு பலருக்கு முழுக்கப் போவதில்லை, ஏனென்றால் இடம் மாற்றிய தசைக்குப் பழைய பலம் வருவதில்லை. சிலருக்கு மூட்டு இறுகிவிடுகிறது, சிலருக்கு மறுபடி நழுவுகிறது. 6 வயதில், வலி இல்லாமல் ஓடுகிற ஒரு குழந்தைக்கு, தாராளமாக அசைகிற மூட்டை இறுகவைக்கும் அபாயத்தை எடுப்பதா என்று நான் இரண்டு முறை யோசிப்பேன். கிண்ணம் ஆழமாக இருந்து, தொடை மேலே ஏறிக்கொண்டே போகிறது என்று வருடா வருடம் எடுத்த படங்கள் காட்டினால் அப்போது செய்யலாம். இல்லையென்றால் நான் காத்திருப்பேன். அனுபவமுள்ள சிலர் இதில் என்னோடு உடன்படமாட்டார்கள், அதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டாம் டாக்டர் ஏன் 12 வயது என்கிறார்? அவர் மனதில் இருப்பது, இடுப்புக்கு முட்டுக் கொடுக்கும் ஆபரேஷன். இதில் பந்தைத் திரும்ப உண்டாக்கும் முயற்சியே இல்லை. நாம் உட்காரும்போது தரையில் அழுந்துகிற எலும்பு இருக்கிறதல்லவா, அதன் மட்டத்தில் தொடை எலும்பை வெட்டி, மேல்துண்டை உள்பக்கமாக இடுப்பெலும்பின் மேல் சாய்த்துவிடுவோம். சாய்ந்த சுவருக்கு ஒரு மரத்தை முட்டுக் கொடுத்து நிறுத்துகிறோமே, அதே வேலை. ஒற்றைக் காலில் நிற்கும்போது இடுப்பு இறங்க இடமில்லாமல் போகிறது. புட்டத் தசையின் இழுப்பும் நீண்டு, விறைப்பு கூடுகிறது. எவ்வளவு சாய்க்க வேண்டும் என்பதற்கும் கணக்கு உண்டு. ஒற்றைக் காலில் நிற்கவைத்துப் படம் எடுத்து, இடுப்பு எத்தனை டிகிரி இறங்குகிறது என்று அளந்து, அதற்கு மேல் 15 டிகிரி போலக் கூட்டி வெட்டுவோம்.

இப்படி மேலே சாய்த்துவிட்டால் முழங்கால் வெளியே தள்ளிக்கொண்டு போகும். அதற்காகத் தொடையின் கீழ்ப்பகுதியில் இரண்டாவது வெட்டு. அங்கே நேராக்கவும் செய்யலாம், நீளமும் கூட்டலாம். சைபீரியாவின் குர்கான் நகரில் இலிசரோவ் என்ற மருத்துவர் கண்டுபிடித்த வளையச் சட்டம் இதற்குத்தான் பயன்படுகிறது. சாய்வு, குட்டை, முழங்கால் கோணல் என்று மூன்றுக்கும் ஒரே திட்டத்தில் வழி கிடைக்கிறது.

இதைச் சின்ன வயதில் செய்தால் என்ன? வளர்கிற எலும்பு நாம் வளைத்த வளைவைத் தானே நிமிர்த்திவிடும். 7 வயதில் போட்ட முட்டு 11 வயதில் காணாமல் போய், மறுபடி பழைய நடை வரும். அதனால்தான் 12 வயதுக்கு மேல், வளர்ச்சி முடியும் சமயம். இரண்டாம் டாக்டர் சோம்பலால் தள்ளிப்போடவில்லை.

அந்தச் சட்டத்தோடு வாழ்வது எப்படி என்பதையும் இப்போதே சொல்கிறேன், ஏனென்றால் ஆபரேஷனைவிட அதுதான் பெரிய வேலை. தொடையைச் சுற்றி வளையங்கள், அவற்றிலிருந்து எலும்புக்குள் போகும் கம்பிகளும் பின்களும். ஆபரேஷன் முடிந்து ஒரு வாரம் போல விட்டுவிட்டு, நட்டைத் திருக ஆரம்பிக்க வேண்டும். ஒரு நாளைக்கு 1 மி.மீ., அதையும் கால் கால் மில்லிமீட்டராக நான்கு வேளை. காலையில் பல் தேய்த்ததும் ஒன்று, மதியச் சாப்பாட்டுக்கு முன் ஒன்று, மாலை ஒன்று, படுக்கும் முன் ஒன்று என்று வீட்டில் பழக்கப்படுத்திக்கொள்வார்கள். 5 செ.மீ. வேண்டுமென்றால் திருகுவது மட்டும் 50 நாள். புதிதாக உருவான எலும்பு இறுக அதற்கப்புறமும் மாதங்கள் ஆகும். மொத்தத்தில் 1 செ.மீ.க்கு ஒரு மாதத்திலிருந்து ஒன்றரை மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆக ஐந்து முதல் ஏழரை மாதம் சட்டம் காலில் இருக்கும். பின் போகும் துளைகளைத் தினமும் சுத்தம் செய்ய வேண்டும். ஒன்றிரண்டு துளையில் சிவந்து நீர் வருவது கிட்டத்தட்ட எல்லோருக்கும் நடக்கும், மாத்திரையில் அடங்கும். என்னைக் கவலைப்படுத்துவது முழங்கால். தொடையை நீட்டும்போது தசையும் இழுபட்டு முழங்கால் மடங்காமல் விறைக்கும். பிசியோதெரபியை ஒரு வாரம் விட்டால்கூடத் திரும்பப் பிடிப்பது கஷ்டம். வீட்டிலிருந்து பிசியோதெரபிக்குத் தினமும் போய்வர வழி இருக்கிறதா என்று கேட்டுத்தான் நான் தேதியே கொடுப்பேன்.

இதில் இழப்பும் உண்டு. முட்டுக் கொடுத்த பிறகு காலை உள்பக்கமாகக் கொண்டுவரும் அசைவு குறைந்துவிடும், ஏனென்றால் அந்த அசைவைப் பிடித்து நிறுத்தித்தான் இடுப்பை நிமிர்த்தியிருக்கிறோம். தரையில் சம்மணம் போட்டு உட்காருவது, குத்தவைப்பது இவை எப்படி இருக்கும் என்று ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் கேளுங்கள். நம் ஊரில் பந்தியில் உட்காருவதிலிருந்து கழிப்பறை வரை இது அன்றாட விஷயம். மூட்டை அசையாமல் ஒட்டவைத்துவிடும் ஒரு பழைய ஆபரேஷன் இருக்கிறது, வலிக்கு நல்லதுதான். தரையில் உட்கார்ந்து எழும் வாழ்க்கைக்கு அது ஒத்துவராது, உங்கள் மகளுக்கு நான் சொல்லமாட்டேன்.

மூன்றாம் டாக்டர் சொன்ன செயற்கை மூட்டு கடைசியாக வரவேண்டியது. குழந்தைப் பருவத்தில் சீழ் பிடித்த இடுப்பில் செயற்கை மூட்டு வைக்கலாமா, கிருமி திரும்ப வராதா என்று முன்பு பயந்தார்கள். பத்து வருடத்துக்கு மேல் மூட்டு அமைதியாக இருந்திருந்தால் அந்த அபாயம் குறைவு என்று இப்போது தெரிகிறது. சிரமம் வேறு இடத்தில். எலும்பு சின்னதாக, ஒல்லியாக இருக்கும். கிண்ணம் வளராமல் இருக்கும். காலை ஒரே வீச்சில் 4 செ.மீ.க்கு மேல் இழுத்தால் காலுக்குப் போகும் நரம்பு அடிபடலாம். அதோடு 20 வயதில் வைத்தால் வாழ்நாளில் இரண்டு மூன்று முறை மாற்ற வேண்டிவரும். நாற்பது வயதுக்கு மேல், வலி தாங்காத கட்டத்தில் வைப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் இருக்கிறது. இன்னொன்று: 12 வயதில் முட்டுக் கொடுத்து எலும்பை வளைத்திருந்தால், பிற்காலத்தில் செயற்கை மூட்டு வைக்கும்போது அந்த வளைவை மறுபடி நிமிர்த்த வேண்டியிருக்கும். செய்யலாம், ஆனால் வேலை கூடும். ஆகவே இன்று எடுக்கும் முடிவு முப்பது வருடம் கழித்து வரும் ஆபரேஷனையும் பாதிக்கிறது. மூன்று பேரையும் தனித்தனியாகப் பார்ப்பதைவிட, மூன்றையும் ஒரே தாளில் வரிசைப்படுத்திச் சொல்கிற ஒரு டாக்டரைப் பிடித்துக்கொள்ளுங்கள். பத்து வருடம் அவரிடமே போங்கள்.

என்னிடம் வந்திருந்தால் இந்த வருடம் என்ன செய்வேன்? சி.ஆர்.பி., ஈ.எஸ்.ஆர். ரத்தப் பரிசோதனை செய்து கிருமி எதுவும் மிச்சமில்லை என்று உறுதி செய்வேன். இடுப்புக்கு எம்.ஆர்.ஐ. நின்றபடி இரண்டு காலும் இடுப்பிலிருந்து கணுக்கால் வரை தெரியும் நீள எக்ஸ்ரே. பிறகு குட்டைக் காலுக்கு அடியில் அரை செ.மீ., ஒரு செ.மீ. கனமுள்ள மரப்பலகைகளை ஒவ்வொன்றாக வைத்து, எந்த உயரத்தில் இடுப்பு சமமாக நிற்கிறது என்று பார்ப்பேன். படத்தில் வரும் அளவும் பலகையில் வரும் அளவும் சில சமயம் ஒத்துப்போகாது. அப்போது பலகை சொல்வதைத்தான் நம்புவேன், ஏனென்றால் குழந்தை நடப்பது அதன்படிதான். பள்ளிக்கூட ஷூவுக்குள் அரை செ.மீ. வைக்கலாம், மீதியை அடியில் ஒட்ட வேண்டும். 3 செ.மீ. குறைக்கு 2 செ.மீ. உயர்த்தினால் போதும், முழுக்க ஈடுகட்ட வேண்டாம். குட்டைக் காலால் வரும் சாய்வு குறையும், முதுகுக்கும் நல்லது. இரண்டு ஷூவும் ஒரே மாதிரி தெரியும்படி கறுப்பு ரப்பரில் ஒட்டச் சொல்லுங்கள். பிள்ளைகள் ஷூவைப் பார்த்துக் கிண்டல் செய்தால் அவள் போடமாட்டாள்.

பக்கவாட்டில் படுத்துக் காலைத் தூக்கும் பயிற்சி, நீச்சல், சைக்கிள் எல்லாம் நல்லது. விளையாட்டை நிறுத்தாதீர்கள். வலி வருகிறது, அல்லது முன்பைவிடச் சீக்கிரம் களைத்துப் போகிறாள் என்றால் மட்டும் அடுத்த பரிசோதனை வரை காத்திருக்காமல் போய்க் காட்டுங்கள். மற்றபடி ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும், வருடம் ஒருமுறை படம்.

நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்று, ஆனால் எனக்குத் தெரியும், பெண் குழந்தையின் அம்மாக்கள் கடைசியில் கதவருகே நின்று கேட்பது. பிரசவம் நடக்குமா? கர்ப்பப்பைக்கும் இந்த மூட்டுக்கும் சம்பந்தம் இல்லை. குழந்தை பெற்றுக்கொள்ள முடியும். தொடையை விரிக்கும் அசைவு குறைவாக இருந்தால் பிரசவத்தின்போது படுக்கும் நிலையை மாற்ற வேண்டிவரலாம். அதை அன்றைய டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் போதும்.

செலவைப் பொறுத்தவரை, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால், ஆபரேஷன் செய்யும் மருத்துவமனையின் காப்பீட்டுக் கவுன்ட்டரில் இந்த ஆபரேஷனுக்குப் பொருந்துமா என்று முன்பே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கும் விண்ணப்பிக்கலாம். 2016ஆம் வருடச் சட்டப்படி 40 சதவீதமும் அதற்கு மேலும் என்று மதிப்பிட்டால் கல்வியிலும் வேலையிலும் ஒதுக்கீடு உண்டு. சிலர் குழந்தைக்கு முத்திரை குத்துவதாக நினைத்துத் தயங்குகிறார்கள். அவள் காலேஜ் சேரும்போது தேவைப்படும், வாங்கி வையுங்கள்.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது, 18 நாள் குழந்தையாக இருந்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுத்துக்கொண்டு போங்கள். எந்தக் கிருமி வளர்ந்தது, என்ன மருந்து எத்தனை நாள் போட்டார்கள் என்பது அதில் இருக்கும். தொலைந்துவிட்டது என்றால் அந்த மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவில் இன்றே எழுதிக் கேளுங்கள், பழைய கோப்புகளை எல்லா இடத்திலும் எப்போதும் வைத்திருப்பதில்லை. அப்புறம் அவள் நடப்பதைப் பின்னால் இருந்து ஒரு நிமிடம், பக்கத்திலிருந்து ஒரு நிமிடம், முழங்கால் தெரியும் அரை டிராயர் போட்டு, செருப்பில்லாமல் உங்கள் போனில் வீடியோ எடுத்து வையுங்கள். வருடா வருடம் அதே வராந்தாவில், அதே தூரத்தில் எடுங்கள். 12 வயதில் ஆபரேஷனைப் பற்றி முடிவு எடுக்கும்போது, என் மேஜையில் இருக்கும் எந்தப் படத்தையும்விட அந்த ஆறு வீடியோக்கள் அதிகம் சொல்லும்.